கங்காணிக்காகக் கண் கலங்கலாமா?

நம் தோட்டத்துச் சிறுகதைகளில் ஒருவர் தவறாமல் வருவார். முறுக்கிய மீசை, கையில் பிரம்பு, கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலைச் சாறு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுவார். காய்ச்சலில் கிடப்பவனை லயத்துக்கே போய் எழுப்பிக்கொண்டு வருவார். ஆதரவில்லாத பெண் ஒருத்தி இருந்தால் அவள்மேல் கண் வைப்பார். கதை முடிவதற்குள் பாம்பு கடித்தோ மரம் விழுந்தோ செத்துப் போவார். அல்லது கதாநாயகனிடம் ஓர் அறை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போவார். அவர்தாம் கங்காணி.

பாடாங் செராயைச் சேர்ந்த வாசகி ஒருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா கங்காணியாக இருந்தவராம். ஆறாம் படிவத்தில் படிக்கும் மகன் இத்தகைய கதைகளைப் படித்துவிட்டு, "நம்ம தாத்தாவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் எனக்கு எழுதிய கேள்வி இதுதான்: "கதையில் வரும் கெட்டவனுக்கு நாம் இரக்கம் காட்டலாமா ஐயா? காட்டினால், அடிபட்டவர்களுக்கு அது துரோகம் ஆகாதா?"

இரண்டு வரிக் கேள்விதான். ஆனால் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் என்று கெடா முழுவதும் பல வீடுகளில் இது பேசப்படாமலே கிடக்கிறது. அடித்தவரின் பேரனும் அடிபட்டவரின் பேத்தியும் ஒரே லயத்து வாசலில் விளையாடி வளர்ந்த மண் இது. பின்னாளில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களும் உண்டு. ஆகவே இதை இலக்கிய விசாரணை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

2 காசுக் கணக்கு

முதலில், கங்காணி என்பவர் யார்? 'கண்காணி' என்ற சொல்தான் கங்காணி ஆயிற்று. தோட்டத்தில் சில ஆண்டுகள் பாடுபட்ட ஓர் ஆளைத் துரை தேர்ந்தெடுப்பார். உரிமச் சீட்டும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு எனத் தம் சொந்த வட்டாரத்துக்கே போவார். சொந்தக்காரர், சொந்தச் சாதிக்காரர், அக்கம்பக்கத்தார் என்று ஆள் சேர்ப்பார். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாம், பிறகு கப்பல், பினாங்கு வந்ததும் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவல், அதன் பிறகு தோட்டம்.

1910இல் ஒப்பந்தக்கூலி முறை நின்ற பிறகு மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் இந்த வழியாக வந்தவர்களே. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம், பிறர் செலவில் தொழிலாளர் வெளியேறுவதைத் தடை செய்தபோதுதான் இந்த முறை முடிவுக்கு வந்தது.

கங்காணிக்கு வருமானம் எப்படி வந்தது என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். ஆள் கொண்டுவந்ததற்கு ஒரு தொகை கிடைத்தது. அத்துடன் தலைக்காசு என்று ஒன்று உண்டு. அவர் கொண்டுவந்த ஆள் ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வந்தால் கங்காணிக்கு 2 காசு. வராவிட்டால் அந்த 2 காசு இல்லை.

1920களின் பிற்பகுதியில் பல இடங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு கங்காணியின் கீழ் 50 பேர் இருந்து, அத்தனை பேரும் வேலைக்கு வந்தால் அவருக்கு 1 வெள்ளி. அதாவது ஓர் ஆணின் கூலியைப்போல் இரண்டு மடங்கு. 10 பேர் காய்ச்சலில் படுத்துவிட்டால் 20 காசு போயிற்று. ஓர் ஆள் இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்கு ஓடிவிட்டால், நாள்தோறும் 2 காசு ஓடிப்போனதாகக் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், காய்ச்சல்காரன் வீட்டுக் கதவைக் கங்காணி ஏன் தட்டினார் என்பது விளங்கிவிடும். அவர் பிறவியிலேயே கொடியவராக இருக்கத் தேவையில்லை. இன்னொருவன் உடம்பு சரியில்லை என்றால் தம் வரும்படி குறையும் என்ற இடத்தில் அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுத்தியவர் பங்களாவில் இருந்தார். பிரம்பு எடுக்கும் வேலை அவருக்கு வரவே இல்லை. நம் கதைகளில் துரை பலவேளை குதிரையில் வந்துபோகும் நிழலாகவும், கங்காணி இரத்தமும் சதையுமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். தொழிலாளி கண்ணால் கண்ட கொடுமை கங்காணியின் முகத்தில்தான் இருந்தது.

அதே கங்காணிதான் மாரியம்மன் கோயில் திருவிழாவை முன்நின்று நடத்தினார். கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைத்தார். ஊருக்குக் கடிதம் போட ஆள் பிடித்துக் கொடுத்தார். கடனும் கொடுத்தார், அந்தக் கடனாலேயே கட்டியும் போட்டார். ஒரே ஆளிடம் இத்தனையும் இருந்தன. சிறுகதை எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறு என்ன வேண்டும்? ஆனால் நாம் பெரும்பாலும் மீசையையும் பிரம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆயிரம் பொற்கொல்லர்

கெட்டவனுக்கு இரக்கம் காட்டுவது நமக்குப் புதிதா? இல்லை. கம்பர் கும்பகருணனைப் படைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். சீதையை விட்டுவிடச் சொல்கிறான். வீடணன் வந்து அழைத்தும் இராமன் பக்கம் போக மறுக்கிறான். தவறான பக்கத்தில் நின்று, தவறு என்று தெரிந்தே மாள்கிறான். எத்தனை தலைமுறைகள் அவனுக்காகக் கலங்கியிருக்கின்றன! இராவணனையே காவியத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். 1948இல் தடை செய்யப்பட்ட அந்நூலின் தடை 1971இல்தான் நீங்கியது. கெட்டவன் என்று பெயர் வாங்கியவனின் பக்கத்தைக் கேட்பது ஓர் அரசாங்கத்துக்கே அச்சமூட்டும் காரியமாக இருந்திருக்கிறது.

சிலப்பதிகாரம் வேறொரு பாடம் சொல்கிறது. அதில் தவறு செய்தவர் இருவர். ஒருவன் பாண்டியன், ஆராயாமல் கொலைத் தண்டனை கொடுத்தவன். மற்றவன் பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் தானே திருடிவிட்டுக் கோவலன்மேல் பழி போட்டவன். பாண்டியன் உண்மை தெரிந்த கணமே தன்னைத் தானே குற்றவாளி என்று தீர்த்து உயிர் விடுகிறான். இளங்கோ அவனை மன்னித்துவிடவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு மதிப்பைத் தருகிறார். நாமும் தருகிறோம். பொற்கொல்லனுக்கு அப்படி ஒரு கணமே வாய்க்கவில்லை. ஆகவே அவனுக்காக யாரும் அழுவதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குப் பலியாக ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றான் என்று அந்நூலே சொல்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு, அந்தத் தொழில் செய்த ஆயிரம் பேர்! ஷேக்ஸ்பியரின் ஷைலாக் நாடகத்தில் ஒரே ஒரு வட்டிக்காரன். ஆனால் மேடையில் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் பல நூற்றாண்டுகள் யூதர் அனைவரையும் அவனாகவே பார்த்தார்கள்.

பாடாங் செராய் அம்மையாருக்கு இந்த இடத்தில்தான் பாதிப் பதில் இருக்கிறது. கதையில் வரும் ஒரு கங்காணி, மலாயாவின் எல்லாக் கங்காணிகளும் ஆகமாட்டார். உங்கள் கொள்ளுத் தாத்தா நல்லவரா கெட்டவரா என்பதை எந்தச் சிறுகதையும் தீர்மானிக்க முடியாது. ஆயிரம் பேரை ஒரே ஆளாக்கும் கதை, ஆளைப் பார்க்காத கதை. மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

மீதிப் பாதி அவ்வளவு எளிதன்று.

மூன்று கேள்விகள்

1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். பிறகு கு. அழகிரிசாமி அந்நாளிதழின் ஆசிரியராக வந்து, 1957 வரை இங்கே இருந்தார். அந்தக் காலம் முதலே இந்நாட்டில் கதையைப் பற்றிக் கூடிப் பேசும் பழக்கம் இருக்கிறது. அத்தகைய கூட்டங்களில் நாற்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். வில்லனைப் பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் நான் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன்.

முதல் கேள்வி: அவனுக்கு வேறு வழி இருந்ததா?

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் தண்டவாளம். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மா வரைக்கும் போட்ட பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', நம் சுங்கை பட்டாணி கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தைப் பதிவு செய்திருக்கின்றன. ஜப்பானியர் தோட்டத்துக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று எண்ணிக்கைதான் சொன்னார்கள். எண்ணிக்கைக்குப் பேர் எழுத வேண்டியவர்கள் தோட்டத்து ஆள்களே.

ஒரு கிராணி மேசைமுன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவருடைய கழுத்துக்கே ஆபத்து. 20 பேரை எழுதியே தீர வேண்டும் என்பதில் அவருக்கு வழி இல்லை. ஆனால் எந்த 20 பேர் என்பதில் வழி இருந்தது. தம் மைத்துனனை விட்டுவிட்டு, கேட்க நாதியில்லாத கைம்பெண்ணின் ஒரே மகனை எழுதினாரா? தமக்கு எதிராகப் பேசியவனைத் தேடி எழுதினாரா? ஜப்பான்காரன் துப்பாக்கி எங்கே முடிகிறது, கிராணியின் பேனா எங்கே தொடங்குகிறது? நல்ல கதை அந்தக் கோட்டைத் தேடிப் போகும். துப்பாக்கிக்காக நான் அவருக்கு இரங்குவேன். பேனாவுக்காக இரங்க மாட்டேன்.

இரண்டாவது கேள்வி: தான் செய்தது என்ன என்பது அவனுக்குத் தெரியுமா?

1946-47இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடைகளை மூடு என்பது அவர்களின் பெரிய முழக்கம். தோட்டத்திலேயே கூலி கொடுத்து, தோட்டத்திலேயே கள் விற்று, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை அவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் அடக்குமுறையில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. கள்ளுக்குப் பின்னால் சம்சு வந்தது. 1981இல் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சம்சு குடித்துப் பலர் மாண்டதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

சம்சு விற்பவனை வைத்துக் கதை எழுதலாம். அவனுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், பள்ளிக் கட்டணம் இருக்கும். ஆனால் அவன் தன் பிள்ளையை மட்டும் அந்தப் போத்தலைத் தொட விடமாட்டான். அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறான். அது நஞ்சு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தவனுக்குத் தரும் இரக்கம், தெரியாதவனுக்குத் தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். பாண்டியனைப் போலத் தெரிந்த பிறகு என்ன செய்தான் என்பதைப் பார்த்து, அதைக் கூட்டலாம்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: இந்த இரக்கத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

சில கதைகளில் எழுத்தாளர் வில்லனின் சோகத்தில் மூழ்கிவிடுவார். அவனுடைய தனிமை, அவனுடைய இளமைக்கால அவமானம் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். அவன் கெடுத்த பெண் இரண்டாம் பக்கத்தோடு காணாமல் போயிருப்பாள். அவளுக்குப் பெயர்கூட இருக்காது. அவளுடைய இடத்தைப் பிடுங்கித்தான் அவனுக்கு இரக்கம் வாங்கித் தந்திருக்கிறார். அது கூடாது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. எத்தனையோ பேர் அக்கதையில் வந்துபோனாலும் மருதியை விட்டு நம் கண் விலகுவதில்லை. படித்து முடிக்கும்போது தனி ஒருவன்மேல் மட்டும் கோபம் நின்றுவிடுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

என் தாயாரின் கணக்கு

நான் பிறந்தது பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில். 1960களில் கங்காணி என்ற பட்டம் மங்கி, மண்டோர் என்ற பேர் வந்திருந்தது. எங்கள் மண்டோர் ஒருவர், என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டு ஆயாக் கொட்டகையில் சேர்க்க நேரமானதற்காக என் தாயாருக்கு அன்று அரைநாள் சம்பளம்தான் போட்டார். கெஞ்சியும் கேட்கவில்லை. அந்த மாதம் கடைக்காரரிடம் பாக்கி விழுந்தது.

பல ஆண்டுகள் கழித்துத் தோட்டம் கைமாறியது. எங்களைப் போலவே அவரும் வீட்டைக் காலி செய்தார். பட்டணத்துப் புறம்போக்கில் பலகை வீடு, பிள்ளைகள் கவனிக்கவில்லை. ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா உள்ளே அழைத்து உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்தார், பிஸ்கட்டும் வைத்தார். அவர் போன பிறகு நான் கோபமாகக் கேட்டேன். அம்மா குவளையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தாகமா வந்தாரு, தண்ணி குடுத்தேன். அந்த அரை நாள் கணக்கு அது பாட்டுக்கு இருக்கு. அத யாரு அழிச்சா?"

பள்ளிக்கூடம் போகாத என் தாயார் சொன்னதைவிடத் தெளிவாக எந்தத் திறனாய்வு நூலும் எனக்குச் சொன்னதில்லை. இரக்கம் வேறு, கணக்கு வேறு. இரங்கினால் கணக்கு அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் வில்லனை அரக்கனாகவே வைத்திருக்கிறார்கள். இரங்கிவிட்டோமே, கணக்கை அழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அவனைத் தியாகியாக்கி விடுகிறார்கள். தண்ணீரும் கொடுத்து, கணக்கையும் வைத்திருப்பதுதான் கடினம். கதையும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே அம்மையாரின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: துரோகம் ஆகாது, அடிபட்டவரின் கணக்கு கதையில் அப்படியே இருக்கும்வரை.

பேனா பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு

உங்கள் அடுத்த கதையில் ஒரு கங்காணியை எழுதுவதாக இருந்தால், மீசையை விட்டுவிட்டு அவருடைய கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். மூன்று நாள் அடைமழை. பால் வெட்டு இல்லை. தலைக்காசும் இல்லை. செட்டியாருக்கு வட்டி கட்ட வேண்டும். நான்காம் நாள் வானம் வெளுக்கிறது. லயத்தில் ஒருத்தி காய்ச்சலில் கிடக்கிறாள். அவர் குடையை மடக்கிக்கொண்டு அவளுடைய கதவை நோக்கி நடக்கிறார். படிப்பவருக்கு வட்டியும் தெரிய வேண்டும், காய்ச்சலும் தெரிய வேண்டும். கதவு திறந்தபிறகு அவர் என்ன செய்கிறார் என்பது உங்கள் கதை.

இன்னொன்றும் எழுதலாம். இன்று கெடாவில் கித்தா மரங்கள் இருந்த நிலங்களில் பல செம்பனையாகிவிட்டன. குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். ஊரில் முகவரிடம் கடன்பட்டுப் பணம் கட்டி வந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. காலையில் அவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் மண்டோர் சில இடங்களில் நம் தமிழர். உடம்பு சரியில்லை என்று படுத்திருப்பவனின் கதவைத் தட்டப் போவதும் அவர்தான். டாக்காவிலோ சிலேட்டிலோ இருந்து ஒருவன் நாளைக்கு வங்காள மொழியில் ஒரு சிறுகதை எழுதுவான். அதில் வரும் மண்டோருக்கு நம் முகம் இருக்கும். அந்தக் கதையைப் படிக்கும் வங்காள வாசகர் நமக்கு இரக்கம் காட்டலாமா என்று கூடிப் பேசுவார்கள்.

அவர்களுக்கு முன்பாக அந்தக் கதையைத் தமிழில் யாராவது எழுதுங்கள். ஐந்நூறு சொற்களில் இருந்தாலும் சரி, எனக்கு அனுப்பி வையுங்கள். இதே பகுதியில் பேசுவோம்.